சீஸுக்குக் காலை, கோட்டைக்கு மாலை: எமிலியா கிராமங்களில் அப்பா அம்மாவுடன்

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் செய்வதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டரை மணிக்குள் சீஸ் கூடத்தில் இருக்க வேண்டும். பதினொரு மணிக்குப் போனால் கழுவிவிட்ட தரையையும் காலிக் கொப்பரைகளையும்தான் பார்க்கலாம். இத்தாலியின் எமிலியா பகுதிக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அங்கே மாடு கறக்கும் நேரம், சமையலறை அடுப்பு அணையும் நேரம், கோட்டைக் கதவு திறக்கும் நேரம் எல்லாம் முன்பே முடிவானவை. நம் நாளை அதற்குள் பொருத்திக்கொண்டால் ஒரே நாளில் சாப்பாடும் சரித்திரமும் சேர்ந்து கிடைக்கும்.

நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தபோது செப்டம்பர் கடைசியில் அவர்களை அழைத்துக்கொண்டு காரில் கிளம்பினோம். ரோம், வெனிஸ் என்று ஓட அவர்கள் இருவருக்குமே விருப்பமில்லை. "ஒரு இடத்துல தங்கி, அக்கம்பக்கம் பார்த்துட்டு வருவோம்" என்றார் அப்பா. பிரென்னர் கணவாயைத் தாண்டி இறங்கும் ஏ22 நெடுஞ்சாலை மொடெனா பக்கத்தில் போய்த்தான் முடிகிறது. அதனால் எமிலியாவைத் தேர்ந்தெடுக்க அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பகுதியின் அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது. கி.மு. 187-இல் மார்க்கஸ் எமிலியஸ் லெபிடஸ் என்ற ரோமானிய ஆட்சியாளர் ரிமினியிலிருந்து பியாச்சென்சா வரை நேர்கோடாக ஒரு சாலை போட்டார். அவர் பெயரால்தான் அது எமிலியா சாலை, அந்தச் சாலையின் பெயரால்தான் இந்த மாநிலம். பொலோன்யா, மொடெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா எல்லாம் அதன்மேல் வரிசையாக இருக்கின்றன. சாலைக்குத் தெற்கே அபென்னைன் மலைகள், வடக்கே போ ஆறு வரை தட்டையான சமவெளி. மலையடிவாரத்தில் உலர்ந்த காற்று வீசும், அங்கே பன்றித் தொடையை உப்பிட்டுக் காயவைக்கிறார்கள். சமவெளியில் புல்லும் தண்ணீரும் உண்டு, அங்கே மாடுகள். ரெஜ்ஜோவுக்கும் பார்மாவுக்கும் நடுவில், மலை தொடங்குகிற இடத்தில் ஒரு பண்ணை விடுதியில் தங்கினோம். நாங்கள் போக நினைத்த எந்த இடமும் அங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்துக்குள்தான். பெரியவர்களோடு போகிறவர்கள் தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்காமல் இப்படி ஒரே இடத்தில் தங்குவது நல்லது.

சீஸ் கூடத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி இடம் பிடித்திருந்தோம். பார்மிஜானோ தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு தன் இணையதளத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கும் கூடங்களின் பட்டியலைத் தருகிறது. பல கூடங்களில் ஆங்கிலத்தில் விளக்க ஆள் இருக்கிறார்கள். போனதும் தலைக்கு வலை, காலுக்கு பிளாஸ்டிக் உறை, மேலே ஒரு வெள்ளை அங்கி தந்தார்கள். தரை முழுக்க ஈரம், உள்ளே புழுக்கம். வழுக்காத செருப்பு போடுவது முக்கியம், அப்பாவுக்கு நான் பிடித்துக்கொள்ளக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் மாலை கறந்த பாலை அகலத் தொட்டிகளில் ராத்திரி முழுக்க அப்படியே விடுகிறார்கள். மேலே ஏடு திரளும். காலையில் அந்த ஏட்டை எடுத்துவிட்டு, அன்று காலை கறந்த முழுப் பாலோடு கலக்கிறார்கள். காய்ச்சாத பச்சைப் பால். மணியைக் கவிழ்த்து நிறுத்தியதுபோல அடி குறுகிய செம்புக் கொப்பரைகள் தரையில் பாதி புதைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆயிரம் லிட்டருக்கு மேல் பால் பிடிக்கும். அதில் நேற்றைய சீஸிலிருந்து பிரிந்த நீரைக் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். "நேத்து மோர்ல இன்னிக்கு உறை ஊத்துற மாதிரிதானே" என்றார் அம்மா. அதேதான். அப்புறம் ரென்னட் என்ற உறைபொருளைச் சேர்த்ததும் பத்து நிமிஷத்தில் பால் முழுக்கத் தயிர்போல உறைந்துவிடுகிறது.

பந்துபோல் வளைத்த கம்பிகள் கொண்ட ஒரு பெரிய கலக்கியால் அதை உடைத்துக் குருணையாக்குகிறார்கள். சீஸ் மாஸ்டர் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு பிடி குருணையை எடுத்து விரல்களால் நசுக்கிப் பார்த்தார். வெப்பநிலையை எந்தத் திரையில் காட்டினாலும் எப்போது நிறுத்துவது என்பதை அவர் கைதான் சொல்கிறது. வெப்பம் 55 டிகிரிக்கு ஏறியதும் கலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். குருணை எல்லாம் அடியில் இறங்கி ஒரே கட்டியாகப் படிகிறது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேர் நீளமான மரத் துடுப்பால் அடியிலிருந்து அதை நெம்பி எழுப்பி, துணியில் ஏந்தி, கத்தியால் இரண்டாக வெட்டினார்கள். ஒரு கொப்பரைக்கு இரண்டு உருண்டை, இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 550 லிட்டர் பால் செலவாகிறது. முற்றிய பிறகு ஒரு சீஸ் சக்கரம் நாற்பது கிலோ அளவில் நிற்கும்.

அச்சில் இறுக்கி, சுற்றிலும் புள்ளி எழுத்துகள் பதியும்படி ஒரு பட்டையைக் கட்டி, பிறகு சுமார் மூன்று வாரம் உப்பு நீரில் மிதக்க விடுகிறார்கள். அதற்கப்புறம் கிடங்கு. கூரை வரை எழும்பிய மரத்தட்டுகளில் ஆயிரக்கணக்கான சக்கரங்கள். 2012 மே மாதம் இந்தப் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது இப்படிப்பட்ட தட்டுகள்தான் வரிசையாகச் சரிந்து லட்சக்கணக்கான சக்கரங்கள் தரையில் விழுந்தன. குறைந்தது 12 மாதம் ஆன பிறகு கூட்டமைப்பின் ஆள் வந்து சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்ப்பார். உள்ளே விரிசலோ காற்றோ இருந்தால் ஓசை மாறும். தேறினால் சூட்டுமுத்திரை. தேறாவிட்டால் மேல்தோலில் இருக்கும் புள்ளி எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எங்கள் கையிலும் சுத்தியலைக் கொடுத்தார்கள். அப்பா ரொம்ப நேரம் தட்டிக்கொண்டே இருந்தார்.

கடையில் வாங்கும்போது அந்தத் தோலைப் பாருங்கள். புள்ளிகளால் எழுதிய பெயரும் கூடத்தின் எண்ணும் இருக்கும். ஒவ்வொரு கூடத்துக்கும் தனி எண் உண்டு. 12 மாதச் சீஸ் மென்மையாகப் பால் வாசத்தோடு இருக்கும், 24 மாதத்தில் உப்பும் இனிப்பும் சமமாக வரும், 36 மாதம் ஆனது நறநறவென்று உதிரும், பல்லில் சின்னப் படிகங்கள் தட்டும். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையும் சீஸ் செய்த முதல் ஒன்றிரண்டு நாளிலேயே போய்விடுகிறது. அப்பாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, ஆனால் இதைச் சாப்பிட்டு அவருக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை. எங்களுக்கு 24 மாதம்தான் பிடித்தது.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பார்மிஜானோவில் சேர்க்கும் ரென்னட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. விதிமுறைப்படி அதைத்தான் சேர்க்க வேண்டும், வேறு எதையும் சேர்த்தால் அந்தப் பெயரில் விற்க முடியாது. "சைவ பார்மிஜானோ" என்று யாராவது சொன்னால் அது பார்மிஜானோ இல்லை. அம்மா சுத்த சைவம். விளக்கிக்கொண்டிருந்த இளம்பெண்ணிடம் "இது எதுலேருந்து வருதுன்னு கேளு" என்று என்னைக் கேட்கச் சொன்னார். அந்தப் பெண் தயங்காமல் உள்ளதைச் சொன்னார். "சரி, நான் சாப்பிடலை. மாப்பிள்ளைக்குக் கொடு" என்று தட்டை நகர்த்திவிட்டு, முன்னைப்போலவே ஆர்வமாகக் கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் விருப்பம். ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். இத்தாலியில் சைவம் என்று எழுதியிருக்கும் உணவுகளில் பெரும்பாலானவற்றில் இந்தச் சீஸ் இருக்கும். கிராமத்தில் யாரும் அதைச் சைவத்துக்கு விரோதமாக நினைப்பதில்லை. ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸும் இப்படி ரென்னட் சேர்த்த பாலிலிருந்து பிரிந்த நீரில்தான் வருகிறது. மஸ்கர்போனே மட்டும் பாலேட்டில் புளிப்பு சேர்த்துத் திரிய வைப்பது, அதில் ரென்னட் கிடையாது.

சீஸோடு இது முடிவதில்லை. எமிலியாவில் வீட்டில் தேய்க்கும் பாஸ்தா எல்லாம் முட்டை போட்டுப் பிசைந்தது. முட்டை சாப்பிடாதவர்கள் காய்ந்த பாஸ்தா, அதாவது "பாஸ்தா செக்கா" கேட்க வேண்டும். காலையில் சுடச்சுடப் பொரித்துத் தரும் உப்பலான ரொட்டியை மொடெனா பக்கம் ஞொக்கோ ஃப்ரித்தோ என்றும் பார்மாவில் தோர்த்தா ஃப்ரித்தா என்றும் சொல்கிறார்கள். பார்த்தால் நம் பூரியின் உடன்பிறப்பு, கை தானாக நீளும். ஆனால் பழைய வழக்கப்படி அதைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். கீரை வைத்த எர்பட்சோனே என்ற ரெஜ்ஜோ அடையிலும் பன்றிக் கொழுப்போ இறைச்சித் துண்டோ இருக்க வாய்ப்பு அதிகம். "ஸ்த்ருத்தோ" என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அதுதான் பன்றிக் கொழுப்பு. "சென்சா கார்னே, சென்சா ஸ்த்ருத்தோ, சென்சா ப்ரோதோ" என்றால் இறைச்சி, கொழுப்பு, இறைச்சிச் சாறு மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம். வெறும் "இறைச்சி வேண்டாம்" என்றால் மெல்லிய பன்றி இறைச்சிச் சீவலை அது கணக்கில் இல்லை என்று மேலே தூவிவிடுவார்கள்.

நான் விடுதிக்கு ஒரு வாரம் முன்பே இதையெல்லாம் எழுதி அனுப்பியிருந்தேன். அதன் பலன் முதல் ராத்திரியே தெரிந்தது. விடுதிக்கார அம்மாள் எங்களுக்குக் கீரை வைத்த தொர்தெல்லி என்ற பாஸ்தா செய்தார், என் அம்மாவுக்கு மட்டும் தனிச் சட்டியில் தக்காளியும் துளசி இனத்து இலையும் போட்டுக் காய்ந்த பாஸ்தா, பக்கத்தில் பொலெந்தா, சுட்ட கத்தரிக்காய், ஆலிவ் எண்ணெய். பொலெந்தா என்பது மக்காச்சோள மாவைக் கிளறிய களி. அம்மா பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்து அதோடு சாப்பிட்டார். விடுதிக்கார அம்மாளும் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்தும் இன்னொரு துண்டு கேட்டார்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றி. மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை, ராத்திரி ஏழரைக்குப் பிறகு. நடுவில் கிராமத்தில் சமையலறைகள் மூடியிருக்கும், கடைகளும் மூன்றரை வரை திறப்பதில்லை. மாத்திரை போடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் பையில் பழமும் பிஸ்கட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை நாளில் பண்ணை விடுதிகளில் மதியச் சாப்பாடு கேட்காமல் போனால் கிடைக்காது, முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். பில்லில் ஆளுக்கு ஒரு யூரோ, இரண்டு யூரோ "கோப்பெர்த்தோ" என்று இருக்கும். அது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம், ஏமாற்று இல்லை. கழிவறை வேண்டுமென்றால் ஏதாவது ஒரு காபிக் கடையில் எஸ்பிரஸ்ஸோ ஒன்று வாங்கிக்கொண்டு கேட்டால் போதும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கோட்டைக்குப் போகலாம். பார்மாவுக்குத் தெற்கே, காரில் அரை மணி தூரத்தில், லங்கிரானோ என்ற ஊருக்கு முன்னால் டொரெக்கியாரா கோட்டை இருக்கிறது. 1448 முதல் 1460 வரை பியர் மரியா ரோஸ்ஸி என்ற பிரபு கட்டியது. மூன்று சுற்று மதில், நாலு மூலையிலும் சதுரக் கோபுரம், செங்கல் நிறம். போருக்குக் கட்டிய கோட்டைதான், ஆனால் உள்ளே அவர் தன் காதலி பியாங்கா பெல்லெக்ரீனிக்கு ஒரு பொன் அறை அமைத்திருக்கிறார். அறையின் மேல்பகுதி ஓவியத்தில் பியாங்கா யாத்திரிகர் உடையில், கையில் தடியோடு, அவருடைய கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கடந்து அவரைத் தேடிப் போகிறாள். பெனெதெத்தோ பெம்போ வரைந்ததாகக் கருதுகிறார்கள். அந்த ஓவியத்தின் சிறப்பு என்னவென்றால், அந்தக் காலத்தில் அந்தப் பிரபுவுக்குச் சொந்தமாக இருந்த கோட்டைகள் எல்லாமே அதில் இருக்கின்றன. காதல் கடிதமும் சொத்துப் பட்டியலும் ஒரே சுவரில். கீழே சுவரில் பதித்த சுட்ட மண் ஓடுகளில் இருவரின் பெயரெழுத்துகளும் இதயங்களும் உள்ளன. ஒரு காலத்தில் அவை பொன் பூசி மின்னியவை. அதனால்தான் பொன் அறை என்ற பெயர்.

மாடத்தில் நின்று பார்த்தால் பார்மா ஓடையின் பள்ளத்தாக்கும், எதிரே லங்கிரானோவின் பன்றித் தொடைக் கூடங்களும் தெரியும். நீளமான, குறுகிய ஜன்னல்கள் வரிசையாக இருக்கும் கட்டடங்கள். மலையிலிருந்து வரும் காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறுவதற்காக அப்படிக் கட்டினார்கள். கணவர் அடுத்த நாள் ஒரு கூடத்துக்குள் போய் வந்தார், அம்மா வெளியே மர நிழலில் இருந்துகொண்டார். இப்படிக் காயவைக்கும் பார்மா புரோஷூட்டோவில் பன்றித் தொடையும் உப்பும் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை. குறைந்தது 14 மாதம் காய வேண்டும். குதிரை எலும்பில் செய்த ஊசியால் குத்தி மோந்து பார்த்துத்தான் தேர்ச்சி சொல்கிறார்கள். அந்த எலும்பில் நுண்துளைகள் இருப்பதால் மணத்தைச் சட்டென்று பிடிக்கிறது, அடுத்த தொடையைக் குத்துவதற்குள் விட்டும் விடுகிறது. தேர்ந்த தொடையில் ஐந்து முனைக் கிரீடம் சூடாகப் பதியும். சீஸ் கூடத்தில் மிஞ்சும் நீர் இந்தப் பன்றிகளுக்குத் தீவனமாகிறது என்பதைக் கேட்டபோதுதான் முந்தின நாள் காலையும் இந்த நாளும் எனக்கு ஒரே கதையாகத் தெரிந்தன. உப்பும் வெளியிலிருந்து வந்ததில்லை. பக்கத்து சால்சொமாஜ்ஜோரே ஊரின் உப்பு நீர்க் கிணறுகள் பல நூற்றாண்டுகளாக இந்தப் பகுதிக்கு உப்பு கொடுத்தவை. சதுப்பு நிலத்தை வடித்து, உழவுக்கு மாடு வளர்த்து, மிஞ்சிய பாலைக் கெடாமல் வைக்கச் சீஸாக்கியவர்கள் பெனடிக்ட், சிஸ்டெர்சிய மடங்களின் துறவிகள். பாலும் உப்பும் மடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் பிறந்த உணவு இது.

பார்மாவிலிருந்து லங்கிரானோ போகும் பேருந்தில் டொரெக்கியாராவுக்குக் காரில்லாமலும் போகலாம், ஆனால் நிறுத்தத்திலிருந்து மேலே ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் மிகக் குறைவு. திங்கட்கிழமை பல கோட்டைகளும் அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் கூடங்களும் உணவகங்களும் விடுமுறையில் போய்விடும்.

கனோசாவுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. ரெஜ்ஜோவின் மலைப்பக்கம் வளைந்து வளைந்து ஏறும் சாலை. கடைசியில் ஒரு வெண்பாறையின் தலையில் இடிந்த சுவர்கள். அவ்வளவுதான், பார்க்க மிஞ்சியிருப்பது கொஞ்சம். ஆனால் 1077 ஜனவரியில் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி, தன்னைத் திருச்சபையிலிருந்து விலக்கிய போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புக் கேட்க, ஆல்ப்ஸைக் குளிர்காலத்தில் கடந்து வந்து, இந்தக் கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் காத்திருந்தார். கோட்டை மத்தில்தா என்ற பெண்ணுடையது. இந்த மலைகளிலிருந்து போ ஆற்றுக்கு அப்பால் வரை ஆட்சி செய்தவர். ஐரோப்பாவின் இரண்டு பெரிய அதிகாரங்கள் மோதிக்கொண்டபோது நடுவில் இருந்து சமரசம் பேசியவர் அவர். அம்மாவுக்கு இந்தக் கதையில் மத்தில்தாவைத்தான் பிடித்தது. "வாசல்ல நிக்க வெச்சது அவ வீடுதானே" என்று இரண்டு முறை சொன்னார். பாறையைச் சுற்றிச் சாம்பல் நிறக் களிமண் சரிவுகள் மழையில் அரித்து அரித்துக் கத்தி முனைகளாக நிற்கின்றன. எதிர்க் குன்றில், சிவந்த எரிமலைப் பாறையின் மேல், ரோசெனா கோட்டை. படிகள் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் நிதானமாக ஏற வேண்டும். திறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

மொடெனா பக்கம் போனது திராட்சைச் சாற்றில் செய்யும் பால்சமிக் வினிகருக்காக. ஸ்பிலம்பெர்த்தோ என்ற சின்ன ஊரில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிறகு பக்கத்துப் பண்ணை ஒன்றின் மச்சில் ஏறினோம். இந்த வினிகரை நிலவறையில் வைப்பதில்லை, கூரைக்கு அடியில் வைக்கிறார்கள். வெயில் காலத்தில் நன்றாகச் சூடேற வேண்டும், குளிர் காலத்தில் நன்றாகக் குளிர வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அது முதிர்கிறது. ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிபர் என்று வெவ்வேறு மரங்களில் செய்த பீப்பாய்கள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையில் நிற்கும். மூடியில்லாத வாய்மேல் ஒரு துணி. ஒவ்வொரு வருஷமும் கடைசிச் சிறு பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். அந்த இடத்தை அதற்கு அடுத்த பெரியதிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கு அடுத்ததிலிருந்து. முதல் பீப்பாய்க்குப் புதிதாகக் காய்ச்சிய திராட்சைச் சாறு. நாங்கள் போனது அறுவடைக் காலம் என்பதால் கீழே முற்றத்தில் சாறு காய்ந்துகொண்டிருந்தது. வெல்லப்பாகு காய்ச்சும் ஆலைப் பக்கம் வரும் அதே வாசனை.

பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசைப் பீப்பாய் தொடங்கி, அவள் கல்யாணத்தின்போது கொடுத்தனுப்பும் பழக்கம் இருந்ததாம். "அப்ப இது சீரு" என்றார் அம்மா. அவர் தாராளமாகச் சாப்பிட்டது இதைத்தான். பீங்கான் கரண்டியில் ஒரு சொட்டு ஊற்றித் தந்தார்கள். உலோகக் கரண்டியை இதற்குப் பயன்படுத்துவதில்லை. முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, அப்புறம் மரத்தின் வாசனை மெல்ல வந்து நிற்கிறது. புளியைக் கெட்டியாகக் கரைத்துக் காய்ச்சியே வளர்ந்த நாக்குக்கு அது உடனே பிடித்துப்போகிறது.

வாங்கும்போது கவனம் தேவை. புட்டியில் "த்ராதிட்சியொனாலே" என்ற சொல்லும் டி.ஓ.பி. என்ற ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு முத்திரையும் இருந்தால் அது குறைந்தது 12 வருஷம் ஆனது, உள்ளே காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும்தான். 25 வருஷம் தாண்டியதற்கு "எக்ஸ்ட்ராவெக்கியோ" என்று போட்டிருக்கும். மொடெனாவின் இந்த வினிகர் 100 மில்லி புட்டியில்தான் வரும். உருண்டை வயிறும் சதுர அடியுமான அந்தப் புட்டியை வடிவமைத்தவர் கார் வடிவமைப்பாளர் ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ. சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைப்பது ஐ.ஜி.பி. வகை, திராட்சைச் சாறோடு ஒயின் வினிகரைக் கலந்து குறைந்தது 60 நாள் வைப்பது. சாலட்டுக்கு அது போதும், தப்பில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைத்து விலையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நல்லதை அடுப்பில் வைக்கக் கூடாது, பரிமாறும்போது சில சொட்டு போதும். ஸ்ட்ராபெர்ரி மேலும் வெனிலா ஐஸ்கிரீம் மேலும் விட்டுப் பாருங்கள்.

இந்தப் பயணத்தில் நம்மவர்கள் தவறவிடக் கூடாத இடமாக நான் சொல்வது நொவெல்லாரா. ரெஜ்ஜோவிலிருந்து குவாஸ்தால்லா போகும் சின்ன ரயில் பாதையில், சமவெளி நடுவில் இருக்கிறது. கொன்சாகா வம்சத்தார் கட்டிய கோட்டை ஊர் மத்தியில் நிற்கிறது. அதை முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஊருக்கு வெளியே ஐரோப்பாவின் பெரிய குருத்வாராக்களில், அதாவது சீக்கியர் கோயில்களில் ஒன்று. 2000-இல் அதைத் திறந்து வைத்தவர் அப்போது ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ரொமானோ புரோதி. வெள்ளைக் குவிமாடம், பக்கத்தில் மக்காச்சோள வயல்.

குருத்வாரா இங்கே ஏன் வந்தது என்பதற்குப் பதில் சீஸ் கூடத்தில் இருக்கிறது. விடியுமுன் கறக்க வேண்டும், மாலையில் மறுபடி கறக்க வேண்டும், ஞாயிறும் பண்டிகையும் கிடையாது. உள்ளூர் இளைஞர்கள் அந்த வேலையை விட்டு நகர்ந்தபோது, 1980-களிலிருந்து பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் தொழுவங்களில் நின்றார்கள். போ சமவெளி முழுக்க இன்று மாட்டுத் தொழுவங்களில் அவர்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். அப்பா ரயில்வே வேலையில் பல வருஷம் வடக்கே இருந்தவர், அவருக்கு இந்தி சரளம். லங்கர் என்ற பொதுப் பந்தி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தார். முப்பது வருஷமாகக் கறவை வேலை, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்திருப்பாராம், பிள்ளைகள் இங்கேயே படித்து வேலைக்குப் போகிறார்கள். தன் கையால் கறந்த பால் எந்த எண்ணுள்ள சீஸ் கூடத்துக்குப் போகிறது என்பதைப் பெருமையாகச் சொன்னார். அம்மா அன்று பருப்பும் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கேள்வி கேட்காமல் வயிறாரச் சாப்பிட்டார். பார்மிஜானோவைப் பற்றி எழுதுகிறவர்கள் துறவிகளையும் செம்புக் கொப்பரையையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுகிறார்கள், இந்தப் பெரியவர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. போகிறவர்கள் தலையை மூடத் துணி எடுத்துச் செல்லுங்கள், செருப்பை வெளியே விட வேண்டும், உணவுக்குக் காசு கிடையாது, விருப்பப்பட்டதை உண்டியலில் போடலாம்.

காரைப் பற்றி. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். பழைய நகரங்களின் மையத்தில் சிவப்பு வட்டத்தோடு "ZTL" என்று பலகை இருக்கும். அனுமதியில்லாத வண்டி உள்ளே போனால் கேமரா படம் எடுத்து, அபராதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு நமக்கில்லை. காரில்லாதவர்கள் பார்மாவிலோ ரெஜ்ஜோவிலோ தங்கினால், எமிலியா சாலையை ஒட்டி ஓடும் உள்ளூர் ரயில்களில் ஊருக்கு ஊர் போகலாம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்க வேண்டாம். சீஸ் கூடத்துக்கும் வினிகர் மச்சுக்கும் மட்டும் டாக்ஸியோ, ஒரு நாள் வழிகாட்டியோ வைத்துக்கொள்ளலாம்.

சீஸை அந்தந்தக் கூடத்திலேயே வாங்குங்கள். "சொத்தோவூவோத்தோ" என்றால் காற்றில்லாமல் பையில் அடைத்துத் தருவார்கள், பல வாரம் தாங்கும். பிரித்த பிறகு ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். வினிகர் புட்டி பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வேண்டாம்.

இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் இப்படிச் செய்யலாம். முதல் நாள் காலை எட்டரைக்குச் சீஸ் கூடம், பன்னிரண்டரைக்கு முன்பே சொல்லி வைத்த பண்ணையில் சாப்பாடு, மூன்று மணிக்கு டொரெக்கியாரா. மறுநாள் காலை ஸ்பிலம்பெர்த்தோ, மதியம் நொவெல்லாரா. கனோசாவை மூன்றாவது நாளுக்கு வையுங்கள், அன்று மேகம் இல்லாமல் இருந்தால் பாறையிலிருந்து சமவெளி போ ஆற்றுப் பக்கம் வரை தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை அந்தச் சமவெளியைப் பனிமூட்டம் மூடிக்கொள்ளும், மே மாதமும் செப்டம்பர் மாதமும்தான் சரியானவை.